உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு டை... கழற்றுவது லேசில்லை!

கறுப்பு டை அடித்த தலையில் பளீர் சிவப்பு டையைப் பூசினால் என்ன ஆகும்? வகிட்டோரம் புதிதாய் முளைத்த முடி மட்டும் செக்கச்செவேல் என்று மின்னும். மீதி அத்தனையும் அதே கறுப்பு! டையை டையால் வெளுக்க முடியாது. பார்லரில் வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லித்தரும் பாலபாடம் இது!

க்ரீம் டை டியூபைப் பிதுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வெள்ளையாகத்தான் வரும். கறுப்பு தயாராவது உங்கள் முடிக்குள்ளே! குட்டிக் குட்டி மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றைக் கோத்துவிடுகிறது. அப்புறம் பார்த்தால், நுழைந்த வழியில் திரும்பிவர முடியாத அளவுக்குக் கொழுத்து நிற்கின்றன! ஷாம்பு தோற்றுப்போவது இங்கேதான்.

இந்த ரக டையை 1907-ல் உருவாக்கி பாரிஸ் சலூன்களுக்கு விற்றவர் யூஜின் ஷுலர். 1909-ல் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் இன்றைய லோரியல்!

இப்போது ஆச்சரியத்தின் உச்சம். கலர் ரிமூவர் என்று ஒன்று விற்கிறார்களே, அது முடியை வெளுப்பதே இல்லை! கோத்துக் கிடக்கும் மூலக்கூறுகளைப் பிரித்து மறுபடி குட்டியாக்கிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வெளியேற்றுவது உங்கள் கையும் தண்ணீரும்!

அது கந்தகச் சரக்கு. பாத்ரூம் கதவைச் சாத்தினாலும் ஹால்வரை அழுகிய முட்டை நாற்றம் வரும்!

நாற்றம் தாங்காமல் அரைகுறையாக அலசிவிட்டு வந்தீர்களா? போச்சு! உள்ளே தங்கிய துணுக்குகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு மறுபடி சேர்ந்துவிடும். ராத்திரி பழுப்பு முடியோடு படுத்தவர் விடிந்ததும் கறுப்பு முடியோடு எழுந்திருக்கலாம்! அவசரப்பட்டு அன்றைக்கே பெராக்சைடு கலந்த புது டையைப் பூசினாலும் இதே கூத்துதான்.

ரிமூவர் போட்டால் பழைய இயற்கை நிறம் அப்படியே திரும்பும் என்று நினைக்கிறீர்களா? நடக்காது! டை அடித்த அன்றே அதிலிருந்த பெராக்சைடு உங்கள் சொந்த நிறத்திலும் கொஞ்சம் கைவைத்திருக்கும். அதனால் கிடைப்பது ஒரு செம்பழுப்பு!

ப்ளீச் செய்தால் கறுப்பு முடி ஒரே வரிசையில்தான் வெளுக்கும். முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வெளிர்மஞ்சள்! செம்பு நிறம் கேட்பவர்கள் ஆரஞ்சிலேயே இறங்கிக்கொள்ளலாம். புத்திசாலித்தனமும் அதுதான். மஞ்சளில் அவசரமாக நீலம் பூசியவர்களுக்குக் கிடைப்பது... பச்சைத் தலை!

ப்ளீச்சில் கலக்கும் பெராக்சைடு கரைசல்தான் டெவலப்பர். அந்த பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். அர்த்தம் கேட்டால் அசந்துபோவீர்கள். அந்தக் கரைசல் 1 லிட்டர் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்ஸிஜன் வெளிவரும்! வீட்டு வாசலில் இறக்குகிறார்களே வாட்டர் கேன், அது நிறைய! இத்தனைக்கும் அதிலுள்ள பெராக்சைடு வெறும் 6 சதவீதம். 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். வீட்டில் அதைத் தொடாதீர்கள்!

ப்ளீச்சை வேரிலிருந்தா ஆரம்பிக்கிறீர்கள்? நிறுத்துங்கள்! தலையின் சூட்டில் வேரோரத்து 1 செ.மீ. மட்டும் முந்திக்கொண்டு வெளுத்துவிடும். வேருக்குக் கடைசியில்தான் பந்தி!

முடி மாதத்துக்கு 1 செ.மீ. சொச்சம்தான் வளரும். இடுப்பைத் தொடும் பின்னலின் நுனிக்கு வயது 5 ஆண்டுக்குக் குறையாது! அத்தனை பண்டிகைக்கும் அடித்த டை அங்கே அடுக்கடுக்காகக் குந்தியிருக்கும். நுனி கடைசிவரை அடம்பிடிப்பது சும்மா இல்லை.

மருதாணியின் சாயம் லாசோன். அது முடியின் கெரட்டினோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். ரிமூவரின் பாச்சா அங்கே பலிக்காது!

மருதாணியைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. சில டைகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் முடி கொதிக்கும், புகையும், இற்று விழும்! சந்தேகமா? சீப்பில் சிக்கிய முடியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ப்ளீச் கலவையைத் தடவுங்கள். கிண்ணம் சுட்டாலோ, முடி நூலாக இழுபட்டாலோ, அந்தப் பக்கமே போகாதீர்கள். தலைக்கு வர வேண்டியது கிண்ணத்தோடு போயிற்று!

வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஷாம்புவில் குழைத்துப் பூசுகிறார்கள். புத்தம் புதுசாய்ப் பூசிய டை கொஞ்சம் மங்கும். வருஷக்கணக்கில் அடித்த கறுப்பு அசையவே அசையாது!

பாத்ரூம் கழுவும் ப்ளீச்சைத் தலையில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சாக்கடைக் குழாயை அடைத்த முடியைக் கரைக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது அதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான்!

வெளுத்த முடியோடு நீச்சல் குளத்தில் குதித்தால் தலை பச்சையாகலாம். பழி குளோரின்மேல் விழுகிறது. நிஜக் குற்றவாளி தண்ணீரில் கரைந்த தாமிரம்!

புது டையை முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் காத்திருங்கள். பத்து வருஷமாக ஒத்துக்கொண்ட டைகூட ஒருநாள் திடீரென்று அலர்ஜியாகலாம்!

பண்டைய ரோமானியர் ஈய ஆக்சைடையும் சுண்ணாம்பையும் குழைத்து முடியைக் கறுப்பாக்கினார்கள். 2006-ல் விஞ்ஞானிகள் அதே கலவையைச் செய்து பார்த்தார்கள். முடிக்குள் ஈய சல்ஃபைடு துகள்கள் விளைந்திருந்தன. ஒவ்வொன்றின் அளவும் சுமார் 5 நானோமீட்டர்! நானோ தொழில்நுட்பம் 2,000 வருஷத்துக்கு முன்பே தலைக்கு ஏறிவிட்டது!

பெராக்சைடைக் கண்டுபிடித்தவர் லூயி தெனார், 1818-ல். அதைக் கொண்டு முடியை வெளுக்கலாம் என்று பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது 1867-ல். இடையில் ஓடியது 49 வருஷம்!

அதற்கும் முன்னே? 16-ஆம் நூற்றாண்டு வெனிஸ் பெண்கள் முடி வெளுக்கும் கரைசலைப் பூசிக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தலையில் ஒரு விசேஷத் தொப்பி. அதற்கு உச்சியே கிடையாது, விளிம்பு மட்டும்தான்! முடி வெளுக்க வேண்டும், முகம் கறுக்கக் கூடாது!