பண்பும் பண்ணும்

ஒருவர் விரும்பிக் கேட்கும் இசை அவர்தம் உள்ளப்பாங்கின் ஒரு கூற்றைப் புலப்படுத்தும். கதை படைப்போர் நெடுங்காலமாகக் கையாண்ட இவ்வுண்மையை இக்காலத்துக் கணினி விளையாட்டு அமைப்போரும் கையாளுகின்றனர். வெறும் பொழுதுபோக்கென்று பெரியோர் பலர் ஒதுக்கும் இத்துறையில் எத்துணை நுண்ணிய சிந்தனை அடங்கியுள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ என்னும் விளையாட்டை வகுத்தவர் வில் றைற் என்பவர். இதில் வெல்லுதற்குப் பகைவருமில்லை. எய்துதற்கு முடிவான இலக்குமில்லை. மனிதரையொத்த பாத்திரங்கள் உண்டும் உறங்கியும் உறவாடியும் வாழும் இல்வாழ்க்கையை ஆடுவோர் நடத்திச் செல்வர்.

இவ்விளையாட்டில் இசை இருவகைப்படும். வீடு கட்டும் வேளையில் ஒலிக்கும் பியானோ இசை ஆடுவோர்க்கு மட்டுமே உரியது. அமைதியாக எண்ணித் திட்டமிடுதற்கு அது துணைபுரியும். வீட்டிலுள்ள இசைப்பெட்டியில் எழும் இசையோ பாத்திரங்களுக்கு உரியது; அதனைக் கேட்டு அவை மகிழும், ஆடும். அவற்றின் பேச்சும் பாட்டும் ‘சிம்லிஷ்’ என்னும் பொருளற்ற மொழியில் அமைந்தவை. பொருளுடைய சொற்கள் பன்முறை ஒலிப்பின் சலிப்பூட்டும். பொருளற்ற ஒலியோ ஆடுவோர் தத்தம் கற்பனையை ஏற்றிக்கொள்ள இடந்தரும்.

2009இல் வந்த மூன்றாம் விளையாட்டில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விருப்பமான உணவு, இசை, நிறம் என மூன்று குறிக்கப்பட்டன. விருப்பமான இசை ஒலிப்பின் அப்பாத்திரத்தின் மனநிலை மேலும் உயரும். நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் உணவையும் யாழையும் ஒருங்கு வைத்தெண்ணிய தொல்காப்பியத்தைக் கற்றோர்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. ஆயின், ஆங்கே இசை நிலத்துக்கு உரியது. ஈங்கே தனியாளுக்கு உரியது.

விருப்பம் மட்டும் பாத்திரத்தை முழுமையாக்காது. எல்லா இசையையும் ஏற்கும் ஒருவரிடம் தனித்தன்மை காண்டல் அரிது. இதனை உணர்ந்தே போலும், 2014இல் வெளிவந்த நான்காம் விளையாட்டில், 2021ஆம் ஆண்டில் விருப்புடன் வெறுப்பும் சேர்க்கப்பட்டது. ஒரு வீட்டில் ஓர் இசைப்பெட்டி. அதன் ஒலி ஒருவருக்கு இன்பம், மற்றவருக்கு எரிச்சல். எழுத்தாளர் எவரும் எழுதாமலே அங்கே ஒரு கதை பிறந்துவிடுகின்றது.

ஈண்டு எண்ணற்பாலதொன்று உண்டு. பாத்திரம் எதனை விரும்பலாம் என்னும் பட்டியலை வகுப்பவர் அமைப்பாளரே. 2009இல் மூன்றாம் விளையாட்டுக்கு வந்த ‘உலகப் பயணங்கள்’ என்னும் இணைப்பிற் சீன இசை, எகிப்திய இசை, பிரெஞ்சு இசை என்பன புதிய வகைகளாயின. ஒரு நாட்டின் இசை முழுவதும் ஒரே பெயருக்குள் அடங்குமோ? அவ்வாறே ‘தமிழிசை’ என்றொரு பெட்டி அமைப்பின், தேவாரப் பண்ணும், தவில் நாதசுரக் கச்சேரியும், நாட்டுக்கூத்துப் பாடலும், திரைப்பாடலும் அதனுள் ஒன்றாய்க் கலந்து தம் வேறுபாட்டை இழக்கும். தேவாரத்தில் உருகும் பாட்டியாரும் திரைப்பாடலில் மகிழும் பேரனும் ஒரே சுவையினராய்க் காட்டப்படுவர்; அவர்தம் வீட்டின் கதையே மறைந்துபோம்.

நம் மாணவருட் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுக்களை ஆக்குவோராய் விளங்குதல் கூடும். கணினி நுட்பத்தை அவர் கற்பது இன்றியமையாதது. தம் வீட்டில் யார் எதனைக் கேட்கின்றார், எதனை நிறுத்தச் சொல்கின்றார் என்பதைச் செவிமடுத்தறிவதும் அதனினும் குறைந்ததன்று.