முருட்டுப் பதிப்பும் மெருகும்

இசைக்கருவியொன்றைக் காண்போர் கண்ணை முதற்கண் கவர்வது அதன் மெருகேயாம். ஆயினும் மெருகு தொழிலின் இறுதிப்படி. அதன் நன்மை தீமைகள் அதற்கு முன்னரே மரத்தின்மேல் முடிவாகி விடுகின்றன. கையாற் செய்யப்படும் கித்தாரின் ஓசைத்துளையைச் சூழ வளையமாகப் பதிக்கப்பெறும் முருட்டு மரத்தை மெருகிற்கு ஆயத்தஞ் செய்யும் முறையை நோக்கின், இவ்வுண்மை இனிது விளங்கும்.

முருடு என்பது யாது? மரத்தின் அடியிலேனும் உடலிலேனும் கழலைபோலப் புடைத்து வளரும் பகுதியே முருடு. காயம், பூஞ்சணம், பூச்சி முதலியவற்றால் மரத்திற்கு நேரும் இடுக்கண் இதற்குக் காரணமாதல் உண்டு. வெளிப்படாத மொட்டுக்கள் பல ஓரிடத்திற் செறிய, அவற்றைச் சுற்றி மரநார்கள் நேரே ஓடாது சுழன்றும் முறுக்கியும் வளர்கின்றன. அதனை அறுத்துப் பார்ப்பின், சிறு கண்களும் சுழிகளும் நிறைந்த விசித்திரக் கோலம் தோன்றும். பண்டை உரோமரும் இக்கோலத்தைப் பெரிதும் போற்றினர். சிசரோ என்னும் நாவலர் வட ஆப்பிரிக்க மரத்தாலாய மேசையொன்றிற்கு 500,000 செஸ்டர்ஸ் நாணயங் கொடுத்தனர் எனப் பிளினி எழுதியுள்ளார். அம்மரத்தின் முருடே மிக உயர்ந்ததாக அந்நாளில் மதிக்கப்பட்டது.

கித்தார் செய்வோர் விரும்பும் முருடுகளுள் ஒன்று அம்பாய்னா. இந்தோனேசியாவைச் சேர்ந்த அம்போன் தீவின் பெயரால் வழங்கும் இது, நம் வேங்கைக்கு நெருங்கிய உறவான மரத்தினின்று பெறப்படுவது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சார்ந்தன.

அழகிற்குக் காரணமான அச்சுழற்சியே தொழிலாளிக்கு இடராகவும் முடிகின்றது. மெல்லிய தகடாக அறுக்கப்பட்ட முருடு, நார்கள் பலதிசையில் இழுத்தலால் அப்பளம்போல் நெளியும். ஆதலின் முதற்கண் அதனை நேராக்கல் வேண்டும். நீரிற் சிறிது கிளிசரினும் பசையுங் கலந்து தகட்டின்மேற் பூசி, அது இளகியபின், தாள்களுக்கிடையே வைத்துச் சமமான பலகைகளால் அழுத்துவர். ஈரம் வற்றுங்காறும் தாள்களை மாற்றிக்கொண்டே இருப்பர். பின்னர், காற்றின் ஈரம் நூற்றுக்கு 45 முதல் 50 வரை நிற்கும் அறையிற் சின்னாள் வைத்து, மரம் நிலைபெற்ற பின்னரே வளையமாக வெட்டிப் பதிப்பர்.

இரண்டாவது, குழிகளை அடைத்தல். முருட்டிற் சிறு துளைகளும் பிளவுகளும் இயல்பாகவே உண்டு. அதே மரத்தின் தூளை எப்பாக்ஸிப் பசையுடன் குழைத்து, மேற்பரப்பினும் சற்றே உயர நிரப்புவர். தூளாலான அடைப்பு மரத்தினுங் கறுத்துத் தோன்றுமாதலால், பெரிய குழிக்கு அம்முருட்டின் துண்டொன்றையே செதுக்கி வைத்தல் நன்று.

மூன்றாவது, சமன்செய்தல். இழைப்புளியால் இழைப்பின், எத்திசையிற் செலுத்தினும் நார் எதிர்த்து நிற்றலின் முருடு பெயர்ந்து வரும். எனவே கூரிய சுரண்டு தகட்டால் மெல்லச் சுரண்டி, பின்னரே உப்புத்தாளைக் கொள்வர். அத்தாளைக் கடினமான மரக்கட்டையிற் சுற்றியே தேய்த்தல் வேண்டும். ஏனெனின், கித்தாரின் முகப்பலகை ஸ்புரூஸ் என்னும் மென்மரத்தாலாயது. விரலால் அழுத்தித் தேய்ப்பின், மென்மரம் குழிந்து, வன்மையுடைய முருடு மேடாக எஞ்சும். 120, 180, 220, 320 என எண் ஏற ஏறத் தாள் நுண்ணிதாகும். முன்னைத் தாளின் கீறல் முற்றும் மறைந்தாலன்றி அடுத்ததற்குச் செல்லலாகாது. விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடிப்பின், மறைந்துள்ள கீறலெல்லாம் நிழலாய்ப் புலப்படும்.

நான்காவது, நிறத்தைக் காத்தல். வேங்கைக் குவளையிலிட்ட நீர் நிறம் மாறுதலை நம் நாட்டார் பலர் கண்டிருப்பர். அதன் உறவாகிய அம்பாய்னாவின் சாயமும் ஸ்பிரிட்டிற் கரைந்து, வெண்ணிறமான ஸ்புரூஸிற் பரவிக் கறைப்படுத்தும். இதனைத் தடுக்க, வளையத்தைப் பதிக்குமுன்னரே முகப்பலகைக்கு அவலரக்குக் கரைசலை மெல்லிதாகப் பூசிவைப்பர். தேய்த்த தூளைத் துணியாற் துடையாது உறிஞ்சியெடுப்பர். மீண்டும் அரக்குப் பூசுங்கால், முருட்டைத் தொட்ட துணி ஸ்புரூஸைத் தொடலாகாது.

இறுதியாக, கண்ணுக்கு அரிதாய்த் தோன்றும் நுண்டுளைகளை நிரப்பல் வேண்டும். பிரெஞ்சு மெருகு முறையில், நுரைக்கற் பொடியை அரக்குத் தோய்ந்த துணித்திரளால் தேய்த்துத் துளைகளில் ஏற்றுவர். வேறு சிலர் நிறமற்ற எப்பாக்ஸியைப் பூசி, உலர்ந்தபின் மரமட்டத்திற்குத் தேய்த்து விடுவர்.

இத்துணைப் பொறுமை எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். மெருகு குற்றங்களை மறைக்கும் போர்வையன்று. கண்ணாடிபோல் அவற்றைப் பெருக்கிக் காட்டுவதாம். நிரம்பாத துளையின்மேல் இட்ட பூச்சு, நாட்செல்லச் சுருங்கிப் பள்ளமாகும். அதனைத் திருத்தப் புகின் பூச்சனைத்தையும் நீக்கி மீண்டும் தேய்த்தல் நேரும். முகப்பலகையின் கனமோ ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரே, நரம்பின் அதிர்வை ஏற்று ஒலியாக்குவது அதுவே. அதனைத் தேய்க்குந்தோறும் கருவியின் குரலே மாறுபடும். ஆகவே மெருகிற்கு முன் செலவிடும் நாட்கள் அலங்காரத்தின் பொருட்டு மட்டும் ஆவனவல்ல. அக்கித்தாரின் ஓசையைக் காத்தற்பொருட்டும் ஆவனவென்று அறிக.