மதியம் ஒன்றரை மணிக்கு ஓசோன் கணக்கு

திருப்பூர் மண்ணரைப் பக்கம் சாயப்பட்டறை லேபில் வேலை பார்ப்பவருக்கு ஓசோன் செயற்கைக்கோளைப் புரியவைப்பது சுலபம். துணித்துண்டை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்தால், எந்த அலைநீள ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து ஷேடைச் சொல்லிவிடும். செயற்கைக்கோள் செய்வதும் அதுதான். துணி இருக்கும் இடத்தில் பூமி, விளக்காகச் சூரியன்.

ஓசோன் புற ஊதா ஒளியை விழுங்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி அல்ல. 310 நானோமீட்டர் பக்கம் நிறைய, 330 தாண்டினால் கொஞ்சம். திரும்பி வரும் ஒளியில் இந்த இரண்டையும் ஒப்பிட்டால் நடுவில் எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துவிடும். அளவு டாப்சன் அலகில். 300 டாப்சன் என்றால், தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில் வைத்தால் 3 மில்லிமீட்டர் கனம். அவ்வளவுதான்! நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் அதற்கும் கொஞ்சம் குறைவு.

2017 அக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோள், தினமும் மதியம் ஒன்றரை மணியை ஒட்டி 2,600 கி.மீ. அகலத்தை ஒரே வீச்சில் பார்த்துக்கொண்டு போகிறது. நேர்கீழே அதன் ஒரு கட்டம் சுமார் 5.5க்கு 3.5 கி.மீ. மண்ணரை அளவுள்ள ஒரு பகுதிக்கே தனிக் கணக்கு கிடைக்கும்.

ஆனால் எந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1978 முதல் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அண்டார்டிகாவையும் அளந்தது. 180 டாப்சனுக்குக் கீழே வந்த அளவுகளை அதன் மென்பொருள் சந்தேகக் கணக்கில் ஒதுக்கி வைத்தது. 1985-இல் ஓசோன் ஓட்டையை உலகுக்குச் சொன்னவர்கள், அண்டார்டிகாவின் தரையில் வைத்த டாப்சன் என்ற ஓசோன் கருவியின் அளவீடுகளைப் பயன்படுத்திய ஜோசப் ஃபார்மனும் இரண்டு சகாக்களும். செயற்கைக்கோள் ஒதுக்கிய எண்களும் உண்மை என்று உறுதியானது.

அதே வகைக் கருவியால் நமக்குப் பக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள். கொடைக்கானலில் 1957-லேயே ஓசோன் அளவீடு தொடங்கிவிட்டது. சர்வதேச ஓசோன் ஆணையத்துக்கே தலைவராக இருந்த கே.ஆர். ராமநாதனும் பக்கத்து ஊர்க்காரர்தான், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். கொடைக்கானல் ஏரியில் படகு விடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விண்வெளியில் மூப்படையும் இந்த மாதிரிக் கருவிக்குச் சர்வீஸ் பண்ண யாரும் போக முடியாது. அதன் கணக்கைத் தரைக் கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். ஓசோனை அழிக்கும் ரசாயனங்கள் மீதான இப்போதைய கட்டுப்பாடுகள் நீடித்தால் அண்டார்டிக் ஓசோன் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்கிறது 2022-இன் உலக மதிப்பீடு. அதுவரை விண்ணிலும் தரையிலும் இரண்டு அளவீடும் நிற்காமல் நடந்தாக வேண்டும்.