குழித்தட்டு நாற்றையும் பூந்தொட்டியையும் தாக்கும் பூசணக் கொசு

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்து விற்கும் சிறு விவசாயிகள் இப்போது பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கியதும் இவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வருகிறது. பூவாளியால் தண்ணீர் தெளிக்கும்போது தட்டுகளிலிருந்து சிறிய கருப்புக் கொசுக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. சில நாட்களில் நாற்றுகள் மஞ்சளாகி வாடுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்கள். தொடர்பு உண்டு. வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் செடிகளைச் சுற்றிப் பறப்பதும் இதே பூச்சிதான். பூசணத்தைத் தின்று வாழ்வதால் இதற்குப் பூசணக் கொசு என்று பெயர்.

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அம்மையார் வீட்டை ஒட்டி நிழல்வலைக் குடில் போட்டு நாற்று வளர்க்கிறார். ஓர் ஐப்பசி மாதம் அவரிடம் நூறு தட்டு மிளகாய் நாற்று இருந்தது. தட்டுக்கு 98 குழிகள். விலை கொடுத்து வாங்கிய வீரிய ஒட்டு விதை. நாற்றுக்கு இரண்டு பேரிடம் முன்பணமும் வாங்கியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு நாற்று சாய்ந்துவிட்டது.

"ஐயா, மூணு தடவை மருந்து அடிச்சாச்சு. அடிச்ச அன்னைக்கு ஒண்ணுகூடக் கண்ணுல படறதில்லை. ரெண்டு நாள் கழிச்சுப் பூவாளியைத் தூக்கினா மறுபடியும் குபுகுபுன்னு கிளம்புது. மருந்து கலப்படமா?" என்று கேட்டார்.

மருந்தில் குறை இல்லை. அது செத்துப்போகச் செய்தது அன்று மாலை பறந்துகொண்டிருந்த கொசுக்களை மட்டுமே. நாற்றைக் கெடுப்பது பறக்கும் கொசு அல்ல. தட்டுக்குள் இருக்கும் அதன் புழு. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை முறை தெளித்தாலும் பணம்தான் விரயம்.

தாய்க்கொசு இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உடல் கருப்பு, கால்கள் நீளமானவை, தலையில் மணி கோத்தாற்போன்ற உணர்கொம்புகள். இது கடிக்காது. நோய் பரப்பும் கொசுவைப் போலத் தேங்கிய நீரில் முட்டையிடுவதும் இல்லை. உயரமாகப் பறக்க வலுவில்லாமல் மண்ணை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடு இருக்கும் தாய்க்கொசு, அதற்குள் ஈரமான மக்கின் மேற்பரப்பில் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை இட்டுவிடுகிறது. நான்கைந்து நாட்களில் முட்டை பொரிந்து புழு வெளிவருகிறது. கண்ணாடி போன்ற வெண்ணிற உடல், பளபளக்கும் கருப்புத் தலை. சுமார் இரண்டு வாரம் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, மேலும் நான்கைந்து நாட்களில் கொசுவாக வெளியேறும். ஆக, முட்டை முதல் கொசு வரை மூன்று முதல் நான்கு வாரம். நம் கண்ணில் படுவது இந்த வாழ்நாளின் கடைசி வாரம் மட்டுமே.

புழுவின் முதல் உணவு பூசணமும் பாசியும் அழுகும் தழையும்தான். அவை குறைந்தாலோ புழுக்கள் பெருகிவிட்டாலோ வேர்த்தூவிகளைத் தின்னத் தொடங்கும். பிறகு இளவேரைக் குடையும். வளர்ந்த செடி இதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு இலை விட்ட நாற்றால் தாங்க முடியாது. கடித்த புண் வழியாக நாற்றழுகல் பூசணமும் எளிதில் நுழைந்துவிடுகிறது. அந்தப் பூசணத்தைத் தட்டுக்குத் தட்டு எடுத்துச் செல்வதிலும் இந்தப் பூச்சிக்குப் பங்கு உண்டு.

இந்த இடத்தில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயியின் தட்டுகளில் நாற்று சாய்வதைக் கண்டு, இது நாற்றழுகல் என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்தேன். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர் நனையும்படி ஊற்றச் சொன்னேன். அவர் சொன்ன சொல் தவறாமல், தட்டின் அடியில் ஒழுகும் வரை ஊற்றினார். பத்து நாளில் இரண்டு முறை ஊற்றினார். ஈரம் கூடிற்று, கொசுவும் கூடிற்று. ஒரே ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கைக்கண்ணாடியால் பார்த்திருந்தால் புழு தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நட்டம் அவருக்கு.

ஆகவே முதலில் புழு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கைக் கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, நறுக்கிய முகம் கீழே இருக்கும்படி மக்கின்மேல் சற்று அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் வில்லையின் அடியில் வந்து கூடியிருக்கும். தட்டின்மேல் வைக்கும்போதே தட்டுகளுக்கு அடியில் உள்ள ஈரத் தரையிலும் நான்கு வில்லை வைக்க மறக்காதீர்கள்.

தரை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அம்மையாரின் குடிலில் தட்டில் வைத்த வில்லைகளில் மூன்றும் நான்குமாகப் புழுக்கள் இருந்தன. தரையில் வைத்தவற்றில் எண்ணி முடியவில்லை. தட்டுகளைத் தரையிலேயே பரப்பியிருந்தார். வழிந்த நீரில் தட்டின் அடியெல்லாம் பச்சைப் பாசி பிடித்துச் சேறாகியிருந்தது. மூலையில் பாதி உபயோகித்த நார்க்கழிவு மூட்டை வாய் திறந்தபடி மழைச் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. தட்டுகளில் மருந்து அடித்துக்கொண்டிருந்தாரே தவிர, கொசு பிறக்கும் இடம் வேறாக இருந்தது.

தண்ணீரைக் குறைப்பதே முதல் மருந்து

தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே வெளிறிக் காய்ந்தது போலத் தோன்றும்; உள்ளே பிழிந்தால் சொட்டும். மேல் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் தேவைக்கு மேல் ஊற்றுகிறார்கள். தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைந்த தட்டின் கனம் எவ்வளவு, காய்ந்த தட்டின் கனம் எவ்வளவு என்று இரண்டு நாளில் கை பழகிவிடும். கனம் குறைந்தால் மட்டும் ஊற்றுங்கள். அதையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மாலைக்குள் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். முட்டைக்கும் மெல்லிய தோல் உள்ள இளம்புழுவுக்கும் உலர்ந்த மக்கில் பிழைப்பு இல்லை. மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் நின்று, கொசு முட்டையிட வசதியாகிவிடும். குழித்தட்டில் மக்கு கொஞ்சம்தான். நாற்று வாடும் வரை காயப்போடச் சொல்லவில்லை. மேலே அரை அங்குலம் காய்ந்தால் போதும். விதைத்த தட்டுகளை அடுக்கிப் பாலிதீன் தாளால் மூடி வைக்கும் முதல் ஐந்தாறு நாட்களுக்கு இது பொருந்தாது. முளைத்துப் பரப்பிய பிறகே இந்தக் கட்டுப்பாடு.

தரையிலுள்ள பாசிச் சேற்றைச் சுரண்டி அப்புறப்படுத்தி, ஜல்லி அல்லது பெருமணல் பரப்புங்கள். தட்டுகளைச் சவுக்குக் கம்பும் மூங்கில் தப்பையும் கொண்டு முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் அடியில் காற்று ஓடும். செத்த நாற்றைப் பிடுங்கித் தட்டுக்கு இடையிலேயே போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது புழுவுக்குச் சோறு போடுவதற்குச் சமம்.

அடுத்தது மக்கு. மக்காத நார்க்கழிவிலும் பாதி மக்கிய சாணத்திலும் பூசணம் செழிக்கும், கொசுவும் தேடி வரும். நார்க்கழிவை மக்கச் செய்யும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக் காளான் வித்து. அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்துவந்தால் சுமார் 60 நாளில் மக்கிவிடும். 112-க்கு 1 என்றிருந்த கரிமம், தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. மக்கியதை நிழலில் உலர்த்தி, வாய் கட்டி வையுங்கள். பழைய தட்டில் கொட்டியதை மறுபடி உபயோகிப்பதானால், கோடையில் நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் மூடி, நான்கு வாரம் வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். காளான் குடில் வைத்திருப்பவர்கள் அறுவடை முடிந்த படுக்கைகளை நாற்றங்கால் பக்கம் கொட்ட வேண்டாம். காளான் படுக்கையைத் தாக்கும் ஈக்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

தொழில் முறையாக நாற்று விற்கிறவர்களிடம் நான் காணும் பெரிய குறை ஒன்று உண்டு. வாரம் ஒரு தொகுதி விதைத்து, பழைய தொகுதியின் பக்கத்திலேயே புதியதைப் பரப்புகிறார்கள். 25 நாள் தக்காளி நாற்றிலிருந்து கிளம்பும் கொசு, அடுத்த வரிசையில் ஐந்து நாள் பயிரில் போய் முட்டையிடுகிறது. சங்கிலி அறுவதே இல்லை. முடியுமானால் வருடத்தில் ஒரு முறை குடிலை ஒரு மாதம் காலியாக விட்டுக் காயப்போடுங்கள். அதற்கு வசதி இல்லாதவர்கள், முளைத்த புதுத் தட்டுகளைக் காற்று வரும் திசையில் தனியே வைத்தால் ஓரளவு பயன் கிடைக்கும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி இப்போது எங்கும் கிடைக்கிறது. வாங்க முடியாவிட்டால் மஞ்சள் வண்ணம் பூசிய அட்டையில் விளக்கெண்ணெய் தடவினாலும் சரி. இதைத் தலை உயரத்தில் தொங்கவிட்டுப் பயனில்லை. கொசு தாழப் பறப்பதால் தட்டின் மட்டத்திலேயே படுக்கவாட்டில் வைக்க வேண்டும். பொறியால் கொசு ஒழிந்துவிடாது. வாரத்துக்கு வாரம் எண்ணிப் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளவே அது.

ஊற்றும் மருந்துகளில் நான் முதலில் சொல்வது வேப்பங்கொட்டைச் சாறு. 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, மக்கு நனையும்படி ஊற்றலாம். இளம்புழு தோலுரிக்க முடியாமல் மடியும். பறக்கும் கொசுவை இது ஒன்றும் செய்யாது. வாரம் ஒரு முறையாக மூன்று முறை ஊற்ற வேண்டும். அன்றைய தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றுங்கள்; தண்ணீரும் ஊற்றி இதையும் ஊற்றினால் நான் செய்த தவறையே நீங்களும் செய்ததாகும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்திலும் பலன் உண்டு. ஆனால் அதில் இஸ்ரேலென்சிஸ் என்ற வகைதான் இந்தப் புழுவைக் கொல்லும். காய்ப்புழுவுக்கு நீங்கள் தெளிக்கும் குர்ஸ்டாகி வகை இதற்கு உதவாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டைப் படித்து வாங்குங்கள். நம் நாட்டில் இஸ்ரேலென்சிஸ் பெரும்பாலும் கொசுப்புழு மருந்தாகவே விற்கப்படுகிறது. சில நாட்களில் வீரியம் இழந்துவிடும் என்பதால் இதையும் வாரம் ஒரு முறை திரும்ப ஊற்ற வேண்டும்.

குருணை மருந்தைத் தட்டிலும் தொட்டியிலும் தூவுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். கொடிய விஷம். பலர் வீட்டில் பழைய டப்பாவில் மிச்சம் வைத்திருக்கும் ஃபோரேட் 2020-ஆம் ஆண்டு முடிவோடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. நாற்றைக் கையால் பிடுங்கிக் கட்டும் பெண்களையும், திண்ணையில் தொட்டியருகே விளையாடும் குழந்தைகளையும் நினைத்துப் பார்த்து அதைக் கைவிடுங்கள்.

வீட்டுத் தொட்டிகள்

தொட்டிச் செடிகளும் வளர்த்து விற்பவர்கள் இதை வாங்குகிறவர்களுக்கும் எடுத்துச் சொல்லலாம். வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு. ஊற்றிய நீர் பல நாள் நிற்கும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். அரிசி கழுவிய நீர், டீத்தூள், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு எல்லாம் சத்து என்று தொட்டியில் கொட்டுகிறார்கள். நிழலில் உள்ள தொட்டியில் இவை பூசணம் பிடித்துக் கொசுவை வரவழைக்கும். தொட்டியை வாரம் இரண்டு நாள் வாசலில் இளவெயிலில் வைத்து எடுப்பது நல்லது. மேலே அரை அங்குலம் பெருமணல் பரப்பலாம். மேற்பரப்பு சீக்கிரம் உலரும். ஆனால் கொசு தொட்டியின் அடித்துளை வழியாகவும் வந்துபோகும் என்பதால் மணலை மட்டும் நம்ப வேண்டாம். அடியில் வைக்கும் தட்டில் நீர் நிற்கவிடாதீர்கள். பூசணக் கொசு அந்த நீரில் வளராவிட்டாலும், டெங்கு பரப்பும் கொசு அதில்தான் வளரும். புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரமாவது மற்றத் தொட்டிகளிலிருந்து விலக்கி வையுங்கள்.

அந்த அம்மையாருக்குச் சாய்ந்த நாற்று திரும்பக் கிடைக்கவில்லை. ஒருவரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்; மற்றவர் மீதமிருந்த நாற்றை எடுத்துக்கொண்டார். தரையைச் சுத்தம் செய்து, தட்டுகளைத் தூக்கி வைத்து, மாலைத் தண்ணீரை நிறுத்திய பிறகும் முதல் இரண்டு வாரம் கொசு குறையவே இல்லை. "நீங்க சொன்னதும் பலிக்கலையே ஐயா" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். முன்பே இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை அவை. நான்காவது வாரத்தில் மஞ்சள் அட்டையில் ஒன்றிரண்டே ஒட்டின. உங்கள் குடிலிலும் இப்படித்தான் நடக்கும். இரண்டாவது வாரத்தில் பொறுமை இழந்து மறுபடியும் தெளிப்பானைத் தூக்காதீர்கள். உருளைக்கிழங்கு வில்லையை வாரந்தோறும் வைத்துவந்து, தொடர்ந்து மூன்று வாரம் புழு ஒன்றுகூட ஏறவில்லை என்றால் அடுத்த தொகுதிக்குத் தைரியமாக விதை வாங்கலாம்.