வரப்பா, பாத்தியா?

ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்ப, மரக்காணம் பக்கம் கட்டம் கட்டமா உப்பளம் தெரியும், பார்த்திருப்பீங்க. தொடக்கப் பள்ளிக் கணக்குல வர்ற ரெண்டு சொல்லை அங்கே வச்சே சொல்றேன்: சுற்றளவு, பரப்பளவு.

ஒரு பாத்தி 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம்னு வச்சுக்குவோம். சுத்தி வரப்பு போட்டா 24 மீட்டர். அது சுற்றளவு. உள்ளே உப்பு விளையிற இடம் 36 சதுர மீட்டர். அது பரப்பளவு. இப்போ அதையே 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமா மாத்துங்க. வரப்பு அதே 24 மீட்டர்தான். விளையிற இடம் 20 சதுர மீட்டராச் சுருங்கிடும்! உப்பும் அதுக்குத் தக்க குறையும்.

உப்பள வரப்புல நடந்து பழகின பிள்ளைக்கு இது சட்டுனு புரியும். ஆனா கேள்வித்தாள்ல வர்றது 'பரப்பளவு காண்க'. வீட்டுல யாருங்க 'காண்க'ன்னு பேசுறோம்? அந்தச் சொல்லுல தடுமாறினாலும் 'இவனுக்குக் கணக்கு வராது'ன்னு முடிவு கட்டிடுறோம். எனக்கு இது அநியாயமாப் படுது.

2022-ல் தமிழ்நாடு அரசு 1 முதல் 3-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கின திட்டத்தோட பேரே 'எண்ணும் எழுத்தும்'. ரெண்டையும் சேர்த்துச் சொன்னது சரிதான். 'எவ்வளவு அதிகம்?'னு கேட்டா கழிக்கணும். 'அதிகம்'ங்கிற சொல்லைப் பார்த்ததும் பல பிள்ளைங்க கூட்டிடுவாங்க. ஒருத்தர்கிட்ட 8 மூட்டை உப்பு, இன்னொருத்தர்கிட்ட 5 மூட்டைன்னா, விடை 13! அதே மூட்டைகளை ரெண்டு வரிசையா வரைஞ்சு காட்டிட்டுக் கேளுங்க, '3'னு சொல்லிடுவாங்க.