ஈரக்கை படாத பொடி

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் துணியும் காயாது, பொடியும் காயாது. தங்கையின் கைக்குழந்தைக்காகக் குற்றாலத்துக் கடைத்தெருவில் குளியல் பொடி வாங்கியிருந்தோம். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ். ஒரே வாரத்தில் டப்பாவுக்குள் கட்டி தட்டிவிட்டது. ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய பூசணம். ஆச்சி முகர்ந்து பார்த்தாள்.

“ஈரக்கைய விட்டியாட்டி?”

“இதுல கெமிக்கலே கெடையாது, ஆச்சி.”

“அதனாலதான் பூத்துட்டு.”

குழந்தைக்குப் பூசும் பொருளைச் சோதிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: இதில் தண்ணீர் இருக்கிறதா? எலுமிச்சை ஊறுகாய் ஒரு வருஷம் கிடக்கிறது, ராத்திரி மிஞ்சிய குழம்பு காலையில் நுரைத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் தண்ணீர் இல்லை, கிருமி வளர வழியில்லை. லோஷனும் ஈரத் துடைப்புத் தாளும் குழம்புச் சாதி. லேபிளில் முதல் பெயர் ‘அக்வா’ என்றிருக்கும். தண்ணீர்தான். அப்படியானால் ஊறுகாய்க்கு உப்பு போல அதற்கும் ஒரு பாதுகாப்புப் பொருள் வேண்டும். தண்ணீர் முதலிடத்தில் இருந்து, ‘பிரிசர்வேடிவ் அறவே இல்லை’ என்று பெருமையும் அடித்திருந்தால் நான் அந்த பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவேன்.

லேபிளின் மிச்சத்தைச் சமையல் குறிப்பாகவே வாசிக்கலாம். எடை அதிகமானது முதலில், பிறகு இறங்குவரிசை. 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் எதை எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் கறிமசால் பொட்டலம் மாதிரி. உள்ளே பத்துச் சரக்கா, ஐம்பதா, தெரியாது. ஒவ்வாமை என்று வரும்போது தோல் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவதும் அதையே. குழந்தைக்குத் தன் வாசமே போதும் என்பது என் கட்சி.

அடுத்தது புளிப்பு. பிறந்த குழந்தையின் தோல் அன்று அரைத்த மாவு மாதிரி, ஏறக்குறைய புளிப்பே இல்லாதது. சில வாரங்களில் மெல்லப் புளித்து, பிஎச் 5.5 பக்கம் வந்து நிற்கும். அந்தப் புளிப்புதான் கிருமியை அண்டவிடாமல் வைக்கிறது. சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும். புளித்த மாவில் ஆப்பசோடாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் தோலுக்கும். குழந்தைப் பவுடருக்கு இந்தியத் தர அளவு ஐஎஸ் 5339. பிஎச் 5.5க்கும் 8க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாதிரிகள் இந்த அளவைத் தாண்டின என்றுதான் 2022 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு ஜான்சன் அண்ட் ஜான்சனின் முலுந்து ஆலை உரிமத்தை ரத்து செய்தது. 2018இல் எடுத்த மாதிரிக்கு 2022இல் நடவடிக்கையா என்ற கேள்வி எழுந்தது. புதிதாகச் சோதித்த மாதிரிகளும் தேறிவிட்டன. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. மாவு இன்றைக்குப் புளித்திருக்கிறதா என்பதை இன்றைக்குத்தானே பார்க்க வேண்டும்!

இனி அளவு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பத்துப் பேர் குழம்புக்குப் போடும் உப்பை ஒரு டம்ளர் ரசத்தில் போட்டால் வாயில் வைக்க முடியாது. எடையோடு ஒப்பிட்டால் பிறந்த குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைப்போல 2.3 மடங்கு. பாத்திரம் சின்னது, பூசும் இடமோ பெரியது.

கணக்குக்காக ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வோம். விலங்குகளில் ஒரு கிலோ எடைக்குத் தினம் 60 மில்லிகிராம் வரை தீங்கில்லை. லோஷனில் அது 0.5 சதவீதம், பாதி தோலுக்குள் இறங்குகிறது. 60 கிலோ அம்மா 8 கிராம் பூசினால் உள்ளே போவது 20 மில்லிகிராம், கிலோவுக்கு 0.33. அறுபதை இதால் வகுத்தால் 180. 4 கிலோ குழந்தைக்கு 1.2 கிராம் பூசினால் உள்ளே 3 மில்லிகிராம், கிலோவுக்கு 0.75. வகுத்தால் 80. தேற வேண்டிய எண் 100. விலங்கு வேறு மனிதர் வேறு என்பதற்கு ஒரு 10, மனிதருக்கு மனிதர் வேறு என்பதற்கு இன்னொரு 10, இரண்டையும் பெருக்கிய நூறு. ஒரே லோஷன் அம்மாவுக்குத் தேறிவிட்டது, பிள்ளைக்குத் தவறிவிட்டது.

டயப்பர் இடம் இன்னும் மோசம். மூடி போட்டு ஆவியில் வேகும் இட்லிதான் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து, பூசியதை உள்ளே தள்ளும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே பூசி விட்டுவிடும் களிம்புகளில் புரோப்பைல், பியூட்டைல் பாராபென் என்ற பாதுகாப்புப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இயற்கைப் பொருளுக்கும் கணக்கு ஒன்றே. சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவுவது நம் பக்கத்து வழக்கம். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே இறங்கும், சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். இந்த ஒன்றில் மட்டும் ஆச்சியோடு எனக்குச் சண்டை. எண்ணெய் இருக்கட்டும், கற்பூரம் சாமிக்குப் போகட்டும் என்றேன். முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

பூசணம் பிடித்த பொடி சாக்கடைக்குப் போனது. மறுபடி குற்றாலம் போனபோது அதே கடையில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியல், பேட்ச் எண், உரிம எண், தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2020இன் அழகுப்பொருள் விதி. பொட்டலத்தில் தாமரைப் பூப் படம் மட்டும் இருந்தது.

“எப்ப அரைச்சது, அண்ணாச்சி?”

“சாரலுக்கு முந்தியே அரைச்சாச்சு.”

“எந்த வருசத்துச் சாரல்?”

அண்ணாச்சி பக்கத்துக் கடையைப் பார்த்துச் சிரித்தார்.