சேறு காயும் முன்னே, சுவர் காய்ந்த பின்னே

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் கை தானாகச் சுவிட்சைத் தேடும். தொடவே கூடாது. தரையை ஒட்டிய பிளக் பெட்டிகளுக்குள் தண்ணீர் நிற்பது வெளியே தெரியாது. ஃபிரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான். நனைந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். காப்பீடு இருந்தால் துடைப்பத்தை எடுக்கும் முன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவசரம் ஒன்றுக்குத்தான்: சேறு. 2015 டிசம்பரில் அடையாறு புகுந்த சென்னைப் புறநகர்களான முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் இதைப் பட்டறிந்தவர்கள் உண்டு. ஈரமாக இருக்கும்போது தள்ளினால் வழிந்து போகும் வண்டல், வெயிலில் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மண்ணை வாரி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே தூவினால் குளோரின் சேற்றோடு போராடி வீரியம் இழந்துவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று அதோடு பாத்ரூம் ஆசிடைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். கிளம்புவது குளோரின் வாயு, மூச்சையே அடைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்தது தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும். அந்தக் கறையிடம் பிளீச்சிங் பவுடர் தோற்றுப்போகும்.

காலில் பூட்ஸ், கையில் உறை கட்டாயம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைத் தந்துவிடும். சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும்; முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிக் குளோரின் கலக்க வேண்டும். குடிக்கக் காய்ச்சிய தண்ணீர்தான்.

பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஒருமுறை உப்பினால் உப்பியதுதான். தேக்குக் கட்டில் நிழலில் உலர்ந்தால் பிழைக்கும். இலவம்பஞ்சு மெத்தையை மனசு கேட்காவிட்டாலும் தூக்கி எறிய வேண்டும். வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவின் அடித்தட்டில் வைத்தது நாம்தான்! ஒட்டிய தாள்களை இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, மாடி வீட்டு ஃபிரீசரிலாவது வையுங்கள். பூஞ்சை பிடிக்காது; பிறகு நிதானமாகப் பிரித்து உலர்த்தலாம்.

நிதானம் மிக அதிகமாகத் தேவைப்படுவது சுவருக்கு. டிசம்பரில் வெள்ளம், ஜனவரியில் பொங்கல். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிடத் துடிப்பது இயல்பு. ஆனால் செங்கல் தண்ணீரை உறிஞ்சி, வெள்ளக் கறை படிந்த கோட்டுக்கு மேலும் ஏற்றிவிடும். வெளிப்பூச்சு காய்ந்தாலும் உள்ளே ஈரம் மாதக்கணக்கில் தங்கும். அதற்குள் பட்டி பார்த்துப் பெயின்டும் அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் கொப்புளமாகக் கிளம்பும்; உப்பும் பூக்கும். முழங்கை அளவு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால், பெயின்டரைச் சித்திரை வெயிலுக்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.